மஞ்சளித்த அசேலியாப் பாத்தி: ஏழு செடிகள், மூன்று காரணங்கள்

கிழக்கு பார்த்த வீட்டுச் சுவரை ஒட்டி 6 மீட்டர் நீளமும் 1.2 மீட்டர் அகலமும் கொண்ட பாத்தி. அதில் குருமே வகையைச் சேர்ந்த ஏழு பசுமைமாறா அசேலியாச் செடிகள், நட்டு மூன்றாம் ஆண்டு. முதல் வசந்தத்தில் இலையே தெரியாத அளவு பூத்தன. அடுத்த ஆண்டு பூ பாதியாகக் குறைந்தது. மூன்றாம் ஆண்டில் ஒரு செடி செத்துவிட்டது, இன்னொன்று வாடிக் கிடக்கிறது, மற்ற ஐந்தும் மஞ்சள். வீட்டுக்காரர் கேட்கும் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: என்ன உரம் போடலாம்?

இங்கே வரும் பாத்தி எந்த ஒரு வீட்டையும் குறிப்பதல்ல. வீட்டுத் தோட்டங்களில் பெரும்பாலும் சேர்ந்தே வரும் கோளாறுகளை ஒரே பாத்தியில் வைத்து, காரணத்தைத் தேடிப் போகும் வரிசை புலப்படும்படி எழுதியிருக்கிறோம். பிஎச் (மண்ணின் அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்; 7-க்குக் கீழே அமிலம், மேலே காரம்), நீர் அளவு போன்ற எண்கள் இப்படிப்பட்ட பாத்தியில் எதிர்பார்க்கக்கூடியவை.

செடிகளுக்கு இடமிருந்து வலமாக எண் கொடுத்துக்கொள்வோம். கூரைத் தண்ணீர் இறங்கும் குழாய் இடது முனையில் இருக்கிறது. அதன் காலடியில் 1, 2. நடுவில் சுவரை ஒட்டி 3, 4, 5, 6. வலது முனையில் வீட்டு மூலையைத் தாண்டி, பிற்பகல் வெயில் நேராக விழும் இடத்தில் 7.

அதுவரை நடந்த வைத்தியம்

நட்டபோது குழியில் எலும்புத்தூள். ஆண்டுக்கு இருமுறை தொழு உரம். இலை மஞ்சளித்ததும் பூச்செடிகளுக்கான பொது உரம். அதற்கும் கேட்கவில்லை என்றதும் அன்னபேதி உப்பை மண்ணில் தூவித் தண்ணீர். கூடவே தினமும் மாலையில் ஐந்து நிமிடம் குழாய்நீர்.

ஒவ்வொன்றும் நல்லெண்ணத்தில் செய்ததுதான். ஆனால் எலும்புத்தூளில் இருப்பது சுண்ணாம்புச் சத்தும் மணிச்சத்தும். சுண்ணாம்பு மண்ணின் பிஎச்சை ஏற்றும். மிகையான மணிச்சத்து இரும்பைச் செடி எடுத்துக்கொள்வதைக் கெடுக்கும். பொது உரங்கள் பலவற்றில் தழைச்சத்து நைட்ரேட் வடிவில் இருக்கிறது. அசேலியாவுக்குப் பிடித்தது அம்மோனிய வடிவம். மேலும் வேர் நைட்ரேட்டை எடுக்கும்போது தன்னைச் சுற்றியுள்ள மண்ணைச் சிறிது காரமாக்குகிறது. அன்னபேதியில் இரும்பு இருப்பது உண்மை. ஆனால் கார மண்ணில் விழுந்த சில நாட்களில் அது துருவாக மாறி, செடிக்கு எட்டாமல் போய்விடும். மண்ணில் இரும்புக்குப் பஞ்சமே இல்லை. பிஎச் 6-ஐத் தாண்டத் தாண்ட, அது கரைந்த நிலையில் கிடைப்பதுதான் நின்றுபோகிறது. அசேலியாவுக்குப் பொருத்தமான பிஎச் 4.5 முதல் 6 வரை, 5-க்கும் 5.5-க்கும் இடைப்பட்டது மிக நல்லது.

இலையில் தொடங்கி வேருக்கு

மஞ்சள் என்று ஒரே சொல்லில் சொன்னாலும் இந்தப் பாத்தியில் மூன்று வித மஞ்சள் இருந்தது. அதைப் பிரித்துப் பார்க்காமல் மண்வெட்டியைக் கையிலெடுப்பதில் பொருளில்லை.

3 முதல் 6 வரையிலான செடிகளில் கொழுந்து இலைகள் வெளிறியிருந்தன. நரம்பு மட்டும் பச்சைக்கோடாக நின்றது. கீழே இருந்த பழைய இலைகள் ஓரளவு பச்சை. இது இரும்புப் பற்றாக்குறையின் முகம். இரும்பு செடிக்குள் இடம் மாறாது. பழைய இலையிலிருந்து எடுத்துப் புதிய இலைக்குக் கொடுக்க வழியில்லாததால் கொழுந்துதான் முதலில் அடிவாங்கும். மக்னீசியம் குறைந்தாலும் நரம்பிடை மஞ்சள் வரும், ஆனால் அடியிலைகளில் தொடங்கும். தழைச்சத்து குறைந்தால் அடியிலையில் தொடங்கி, நரம்பு வேறுபாடின்றி முழு இலையும் ஒரே சீராக வெளிறும்.

7-ஆம் செடியின் இலைகளில் மேற்புறம் முழுக்க ஊசியால் குத்தியதுபோல் வெண்புள்ளிகள். தூரத்திலிருந்து பார்த்தால் சாம்பல் படிந்த நிறம். இலையைத் திருப்பினால் தார் தெளித்தாற்போல் கறுப்புப் பொட்டுகள். அவை லேஸ் பக் என்ற வலைச்சிறகுப் பூச்சியின் எச்சம். சுமார் 3 மில்லிமீட்டர் நீளமுள்ள இந்தப் பூச்சி இலையின் அடியில் உட்கார்ந்து சாற்றை உறிஞ்சுகிறது. சத்துக்குறைவு என்று நினைத்து இந்தச் செடிக்கும் உரம் கொட்டப்பட்டிருந்தது.

2-ஆம் செடியின் இலைகள் மஞ்சள் கலந்த மங்கிய பச்சையில், நடுநரம்பை ஒட்டி உள்நோக்கிச் சுருண்டு தொங்கின. மண்ணோ சதசதவென்று ஈரம். ஈர மண்ணில் நின்றுகொண்டே செடி வாடினால் தண்ணீர் ஊற்றும் கையை உடனே நிறுத்த வேண்டும். இந்தச் செடியைத்தான் முதலில் தோண்டினோம். தண்டின் அடிப்பகுதியில் நகத்தால் பட்டையைச் சுரண்டியபோது உள்ளே பச்சைக்குப் பதில் செம்பழுப்பு. மெல்லிய வேர்களை இரண்டு விரலால் பிடித்து இழுத்தால் மேல்தோல் உறைபோல் கழன்று, உள்நரம்பு மட்டும் நூலாகக் கையில் வந்தது. பைட்டோப்தோரா கிருமியால் வரும் வேரழுகலின் அடையாளம் இதுதான். தண்டு மண்ணில் 6 சென்டிமீட்டர் ஆழம் புதைந்திருந்தது. பக்கத்தில் 30 சென்டிமீட்டர் ஆழக் குழி தோண்டி, ஒருமுறை நீர் நிரப்பி வடியவிட்டு, மறுபடி நிரப்பி அளந்தால் மணிக்கு ஒரு சென்டிமீட்டர்தான் இறங்கியது. மணிக்கு 2.5 சென்டிமீட்டருக்குக் குறைவாக நீர் இறங்கும் இடத்தில் அசேலியாவைத் தரைமட்டத்தில் நடக் கூடாது. கூரை நீர் மொத்தமும் கொட்டும் களிமண்ணில் ஆழமாகவும் நட்டால் தப்பிப்பது அரிது. செத்துப்போன 1-ஆம் செடியிலும் இதே கதை.

4-ஆம் செடியைப் பெயர்க்கச் சிரமமே இல்லை. தண்டைப் பிடித்து மெல்ல ஆட்டியதும், தொட்டியிலிருந்து எடுத்ததுபோல் அதே வடிவத்தில் வெளியே வந்தது. மூன்று ஆண்டுகளில் ஒரு வேர்கூடத் தோட்ட மண்ணுக்குள் போகவில்லை! நாற்றங்காலில் இந்தச் செடிகளைப் பீட்டும் (சதுப்பு நிலத்துப் பாசி மட்கியது) மரப்பட்டையும் கலந்த கலவையில் வளர்க்கிறார்கள். வேர் தொட்டிச் சுவரில் முட்டி வட்டமாகச் சுற்றிக்கொள்கிறது; நடும்போது அதைக் கலைக்காவிட்டால் அப்படியே சுற்றிக்கொண்டிருக்கும். மேலும் பீட் ஒருமுறை நன்றாகக் காய்ந்துவிட்டால் தண்ணீரை உள்ளே விடாது, வழியவிடும். அதனால்தான் சுற்றிலும் மண் ஈரமாக இருந்தும் வேர்ப்பந்தைப் பிளந்தால் நடுவில் பொடியாக உலர்ந்திருந்தது. தினமும் ஊற்றிய நீர் களிமண்ணைச் சேறாக்கியதே தவிர, வேருக்குப் போகவில்லை.

அசேலியாவின் வேர் எப்படிப்பட்டது என்பதை மனத்தில் வைத்தால் இவையெல்லாம் வியப்பில்லை. ஆணிவேர் கிடையாது. முடிபோன்ற வேர்கள் பெரும்பாலும் மேல் 15 சென்டிமீட்டரிலேயே பாய்போல் பரவுகின்றன. மற்றச் செடிகளுக்கு இருக்கும் வேர்த்தூவிகள் இவற்றுக்கு இல்லை. அந்த வேலையின் பெரும்பங்கை வேருடன் கூடி வாழும் பூஞ்சைகள் செய்கின்றன. களிமண்ணைத் துளைக்கும் வலு அந்த வேர்களுக்கு இல்லை. மேல்மண் காய்ந்தால் கீழே போய்த் தேடும் ஆழமும் இல்லை. களைக்கொத்தைப் போட்டுக் கிளறினால் அறுபடுவதும் இந்த வேர்தான்.

மண்ணும் நீரும்

மண் மாதிரி எடுக்கும்போது மூடாக்கை ஒதுக்கிவிட்டு மேல் 10 சென்டிமீட்டரில், வேர் இருக்கும் இடத்திலிருந்தே எடுக்க வேண்டும். சுவரோரமும் பாத்தி விளிம்பும் தனித்தனி மாதிரிகள். காய்ச்சி வடித்த நீரில் சம அளவு மண்ணைக் கரைத்து, அரை மணி நேரம் வைத்து அளந்தால் சுவரோரம் 7.6, விளிம்பில் 6.6. மண்ணில் நேரடியாகச் செருகும் மலிவான மீட்டர்களை நம்பி, பிஎச்சை இறக்கப் போடும் கந்தகத்தின் அளவை முடிவு செய்ய வேண்டாம்.

ஒரு மீட்டர் அகலத்துக்குள் இவ்வளவு வேறுபாடு ஏன்? சுவரோர மண்ணில் ஒரு கரண்டி வினிகர் விட்டதும் நுரைத்தது. கட்டடம் எழுப்பும்போது விழுந்த சாந்தும் சிமெண்டுத் துண்டுகளும் அடியில் புதைந்து கிடந்தன. நுரை வந்தால் மண்ணில் கரையாத சுண்ணாம்பு இருப்பு இருக்கிறது என்று பொருள். அங்கே கந்தகம் போடுவது எவ்வளவு வீண் என்பதைக் கணக்கே சொல்லும். 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஒரு சதுர மீட்டர் மண் ஏறத்தாழ 195 கிலோ. அதில் 1 சதவீதம் சுண்ணாம்பு என்றாலே சுமார் 2 கிலோ. 100 கிராம் சுண்ணாம்பைச் சமன்செய்ய 32 கிராம் கந்தகம் வேண்டும் என்பதால், பிஎச் இறங்கத் தொடங்குவதற்கு முன்பே சதுர மீட்டருக்கு 600 கிராமுக்கு மேல் கந்தகம் கரைந்துபோகும். அவ்வளவையும் உயிருள்ள செடியின் வேரில் கொட்ட முடியாது.

அடுத்தது தண்ணீர். இங்கே எல்லோரும் நீரின் பிஎச்சைப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது அதன் காரத்தன்மை, அதாவது அதில் கரைந்திருக்கும் பைகார்பனேட். இந்தப் பாத்திக்குப் போன குழாய்நீரில் அது லிட்டருக்கு 180 மில்லிகிராம், கால்சியம் கார்பனேட் கணக்கில். வாரம் சதுர மீட்டருக்கு 20 லிட்டர் வீதம் 25 வாரம் ஊற்றினால் 500 லிட்டர். அத்துடன் மண்ணில் சேர்வது 90 கிராம் சுண்ணாம்புக்கு நிகர். அதை ஈடுகட்ட மட்டுமே ஆண்டுக்கு ஏறத்தாழ 29 கிராம் கந்தகம் வேண்டும். கந்தகம் போட்டும் பிஎச் இறங்கவில்லை என்று குறைசொல்லும் இடங்களில் முதலில் தண்ணீரைச் சோதிப்பது நல்லது. கூரையில் பிடித்த மழைநீர் இதற்கு எளிய மாற்று. அதுவரை குழாயின் காலடியில் இரண்டு செடிகளைக் கொன்ற அதே நீர்தான் அது.

ஆக, 1, 2-க்கு ஆழமான நடவும் நீர்த்தேக்கமும். 3 முதல் 6-க்குச் சுண்ணாம்பும் கலையாத வேர்ப்பந்தும். 7-க்குப் பூச்சியும் வெயிலும். உரக்குறைவு எதிலும் இல்லை.

செய்த மாற்றம்

1, 2 செடிகளை வேரோடும் சுற்றுமண்ணோடும் அகற்றினோம். மட்குக் குழியில் போடாமல் அப்புறப்படுத்த வேண்டும். மண்வெட்டியையும் கழுவித் துடைத்த பிறகே அடுத்த செடிக்குப் போக வேண்டும். கிருமி மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடிருக்கும். அதே குழியில் புதிய அசேலியா நட்டால் அதுவும் போகும். வீட்டளவில் கிடைக்கும் பூஞ்சைக்கொல்லிகள் நோயை அடக்கிவைக்கலாம். அழுகிய வேரை மீட்காது.

3 முதல் 6 வரையிலான செடிகளைச் சுவரிலிருந்து விலக்க வேண்டியிருந்தது. ஆழமில்லாத வேர் என்பதால் அசேலியாவை இடம் மாற்றுவது எளிது. வெயில் தணிந்த இலையுதிர்காலத் தொடக்கம் அதற்கு ஏற்ற நேரம். சுவரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி, கிழக்குப் பக்கம் உயரமான மரத்தின் வடிகட்டிய நிழல் விழும் இடத்தில் மேட்டுப்பாத்தி. அது ஆழவேர் விடும் ஓக் மரம். மேப்பிள் போன்ற மேல்வேர் மரமாக இருந்தால் வேர்ப்போட்டியில் அசேலியா தோற்றுவிடும். வால்நட் மரத்தடியோ அதன் வேர் விடும் நச்சால் ஆகவே ஆகாது.

மேட்டுப்பாத்தி 4 மீட்டர் நீளம், 1.2 மீட்டர் அகலம், 30 சென்டிமீட்டர் உயரம். கலவை: பாதி, மட்கவைத்த பொடியான பைன் பட்டை, கால் பங்கு இலைமட்கு அல்லது பீட், கால் பங்கு சுண்ணாம்பு இல்லாத தோட்ட மண். கொக்கோபீட் ஈரம் பிடிக்கும். ஆனால் பீட்டைப்போல் மண்ணை அமிலமாக்காது, நன்கு அலசாததில் உப்பும் இருக்கும். அடித்தரையை முள்கரண்டியால் தளர்த்திவிட்டு, இடையில் துணியோ பிளாஸ்டிக்கோ விரிக்காமல் கலவையைக் கொட்ட வேண்டும். பலகையால் கரை கட்டுவதானால் சரி. சிமெண்டுக் கல்லால் கட்டினால் சுண்ணாம்பை மறுபடி அழைத்து வந்தது போலாகும்.

நடவில்தான் கவனம் முழுவதும் இருக்க வேண்டும். வேர்ப்பந்தை வாளித் தண்ணீரில் அமிழ்த்தி, குமிழி வருவது நிற்கும்வரை வைத்தோம். நன்கு உலர்ந்தவை அரை மணிக்கு மேல் எடுத்துக்கொள்ளும். பிறகு கூர்மையான கத்தியால் பக்கவாட்டில் நான்கு இடங்களில் மேலிருந்து கீழாக 2 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் கீறி, அடிப்பகுதியை விரலால் பிரித்துவிட்டோம். பார்க்கக் கொடுமையாகத் தோன்றும். கீறின இடத்திலிருந்துதான் புது வேர் வெளியே கிளம்பும். மரப்பட்டைக் கலவை மட்கி அமுங்கும் என்பதால் பந்தின் மேற்பரப்பு கலவையைவிட 4 முதல் 5 சென்டிமீட்டர் உயர்ந்து நிற்கும்படி வைத்து, பக்கங்களைச் சரிவாக அணைக்க வேண்டும். பந்தின் மேல் மண் போடக் கூடாது. செடிக்குச் செடி 90 சென்டிமீட்டர். குழியில் எந்த உரமும் இல்லை. மேலே 5 முதல் 7 சென்டிமீட்டருக்குப் பைன் சருகு மூடாக்கு, தண்டைச் சுற்றி ஒரு கைப்பிடி அகலம் விட்டு.

முதல் ஆண்டு நீரைப் பந்தின் மேலேயே ஊற்ற வேண்டும், ஏனென்றால் வேர் இன்னும் அதற்குள்தான் இருக்கிறது. விரலை 5 சென்டிமீட்டர் உள்ளே விட்டுப் பார்த்து, உலரத் தொடங்கியிருந்தால் ஒரு செடிக்கு 5 முதல் 8 லிட்டர், மெதுவாக. தினசரி ஐந்து நிமிட வழக்கம் அத்துடன் முடிந்தது.

உடனடி மஞ்சளுக்கு இரும்புச் சீலேட், அதாவது இரும்பைக் கரைந்த நிலையிலேயே பிடித்துவைக்கும் சேர்மம். இதில் எந்தச் சீலேட் என்பதே முக்கியம். ஈடிடிஏ வகை பிஎச் 6.5-க்கு மேல் இரும்பைக் கைவிட்டுவிடும், டிடிபிஏ 7.5 வரை தாங்கும். சுண்ணாம்பு மண்ணிலும் தாங்குவது ஈடிடிஹெச்ஏ. வசந்தத் தளிர் வரும் நேரத்தில், பொட்டலத்தில் போட்ட அளவில் கரைத்து வேரில் ஊற்றினால் சில வாரங்களில் புது இலை பச்சையாக வரும். முழுக்க வெளிறிய பழைய இலை அப்படியே இருந்து உதிரும். சீலேட் காரணத்தைத் தீர்க்காது, காலம் வாங்கித் தரும்.

கந்தகம் மேட்டுப்பாத்திக்குத் தேவைப்படவில்லை. வினிகரில் நுரைக்காத விளிம்பு மண்ணில் பிற செடிகளுக்காகப் போட்டது சதுர மீட்டருக்கு 50 கிராம். மணற்பாங்கான மண்ணில் அந்த அளவே பிஎச்சை ஏறத்தாழ ஒரு புள்ளி இறக்கக்கூடும். களிப்பு கூடக்கூட இரண்டு, மூன்று மடங்கு வேண்டும். நிற்கும் செடியின் அடியில் ஒரே தடவையில் இதற்கு மேல் போட வேண்டாம். கந்தகத்தை அமிலமாக மாற்றுவது மண்ணின் நுண்ணுயிரிகள். அவற்றுக்கு வெப்பமும் ஈரமும் பல மாதங்களும் தேவை. ஆறு மாதம் கழித்து அளந்து பார்த்துதான் அடுத்த அளவு. அலுமினியம் சல்பேட் வேகமாக வேலை செய்யும் என்று சொல்லி விற்கிறார்கள். அசேலியாவுக்கு அது வேண்டாம். கரையும் அலுமினியம் வேரைக் கெடுக்கும்.

உரம் என்று போட்டது, அடுத்த வசந்தத்தில் பூ முடிந்ததும் சதுர மீட்டருக்கு 12 கிராம் அம்மோனியம் சல்பேட், ஆறு வாரம் கழித்து இன்னொரு 12. அதற்குப் பிறகு இல்லை. கோடை இறுதியில் தழைச்சத்து கொடுத்தால் குளிருக்குள் முற்றாத தளிர் வரும். முதல் உறைபனியில் தண்டின் அடிப்பட்டை பிளக்கும். அந்த வெடிப்பு உடனே தெரியாது. செடி அடுத்த கோடையில் திடீரென்று கிளை கிளையாகக் காயும்போது காரணம் கண்டுபிடிக்க ஆளிருக்காது.

7-ஆம் செடிக்குப் பூச்சிக்கொல்லிச் சோப்புக் கரைசலை இலையின் அடிப்புறம் நனையத் தெளித்து, 7 முதல் 10 நாள் இடைவெளியில் மேலும் இருமுறை. மேற்புறம் மட்டும் தெளிப்பது வெறும் சடங்கு. லேஸ் பக்கின் முட்டை இலைத்திசுவுக்குள், நடுநரம்பை ஒட்டிச் செருகப்பட்டிருக்கும். பசுமைமாறாச் செடியில் இலை குளிர்காலத்திலும் நிற்பதால் முட்டையும் அங்கேயே தங்குகிறது. எனவே வசந்தத்தில் முதல் தலைமுறைக் குஞ்சுகள் பொரிந்ததும் பிடிப்பதே ஆண்டு முழுவதற்குமான வேலை. ஓர் ஆண்டில் இரண்டு முதல் நான்கு தலைமுறை வரும். வேர்வழி ஊடுருவும் நியோனிக்கோட்டினாய்டு மருந்துகள் வேலை செய்யும். ஆனால் பூவுக்கு வரும் தேனீக்களுக்கும் போய்ச்சேரும். இலையுதிர்காலத்தில் இந்தச் செடியையும் நிழல்பக்கம் மாற்றியதே பெரிய மருந்து. முழுவெயிலில் நிற்கும் செடிகளில்தான் இந்தப் பூச்சி அதிகம் பெருகுகிறது.

அடுத்த இரண்டு பருவங்கள்

இடம் மாற்றிய ஆறு வாரத்தில் ஒரு பதற்றம் வந்தது: எல்லாச் செடிகளிலும் உள்பக்க இலைகள் மஞ்சளித்து உதிர்ந்தன. இது நோயில்லை. பசுமைமாறா அசேலியா இரண்டு வகை இலை விடும். வசந்தத்தில் வரும் பெரிய இலைகள் இலையுதிர்காலத்தில் கொட்டும்; கோடையில் கிளை நுனியில் வரும் சிறிய, தடித்த இலைகள்தான் குளிரைத் தாண்டி நிற்கும். நுனி இலைகள் பச்சையாகவும் மொட்டு இறுக்கமாகவும் இருந்தால் உதிர்வதை விட்டுவிடலாம். இந்தக் கட்டத்தில் மறுபடி உரம் போட்டுக் கெடுத்த பாத்திகள் ஏராளம்.

வசந்தத்தில் மூன்று செடிகள் பச்சைத் தளிர் விட்டன. 5-ஆம் செடி மட்டும் மஞ்சளாகவே நின்றது. கைவிட்டுப் பார்த்ததில் பந்தின் ஒரு பக்கம் கீறல் மேலோட்டமாக நின்றுபோயிருந்தது. அந்தப் பக்கம் புது வேர் இல்லை. மறுபடி எடுத்து, அந்தப் பக்கத்தை ஆழமாகக் கீறி நட்ட பிறகு கோடைத் தளிர் பச்சையாக வந்தது.

அந்த வசந்தத்தில் பூ குறைவுதான். பூமொட்டு முந்தைய கோடையிலேயே உருவாகிவிடும். வாடிய கோடையில் உருவானது அவ்வளவுதான். கவாத்தும் இதே கணக்கில்தான்: பூ உதிர்ந்த சில வாரங்களுக்குள் வெட்ட வேண்டும், கோடை நடுவைத் தாண்டினால் அடுத்த ஆண்டின் பூவை வெட்டுகிறோம். 7-ஆம் செடி அடியில் கிளையின்றி நெட்டையாக இருந்தது. அசேலியாவின் பழைய தண்டிலும் உறங்கும் மொட்டுகள் உண்டு என்பதால், செடி தேறிய பிறகு ஆண்டுக்கு மூன்றில் ஒரு பங்கு கிளையைத் தரையிலிருந்து 30 சென்டிமீட்டரில் வெட்டி மூன்று ஆண்டில் புதுப்பிக்கலாம். வேர் சுகமில்லாத செடியில் இதைச் செய்தால் தளிர்க்காது.

ஈரமான வசந்தத்தில் பூவிதழில் குண்டூசித் தலையளவு புள்ளி தோன்றி, இரண்டு மூன்று நாளில் பூவே கூழாகி இலையில் ஒட்டிக்கொண்டால் அது இதழ்க்கருகல். பூஞ்சையின் கறுத்த வித்துக்கட்டிகள் உதிர்ந்த பூவோடு மூடாக்கில் தங்கும். பூக்களைப் பொறுக்கி, குளிர்காலத்தில் பழைய மூடாக்கை வாரிவிட்டுப் புதிது போட வேண்டும். பூக்கும் காலத்தில் மேலிருந்து நீர் தெளிக்கக் கூடாது. இலை தடித்து இளம்பச்சையாக உப்பினால் அது வெறும் இலைக்கொப்புளம். வெண்பொடி பூக்குமுன் கிள்ளி எறிந்தால் போதும், மருந்து தேவையில்லை. கிள்ளிய இலைகளைக் குழந்தைகளும் வீட்டு விலங்குகளும் எட்டும் இடத்தில் போட வேண்டாம். அசேலியாவின் எல்லாப் பாகங்களிலும் கிரயனோடாக்சின் என்ற நச்சு இருக்கிறது.

கூரைக் குழாயை மழைநீர்த் தொட்டிக்குத் திருப்பினார்கள். மேட்டுப்பாத்திக்கு இப்போது அந்த நீர்தான். தொட்டி வற்றும் வாரங்களில் குழாய்நீர் போவதால் பிஎச் மெல்ல ஏறும். எனவே ஆண்டுக்கு ஒருமுறை, வசந்தத்துக்கு முன், மூடாக்குக்கு அடியில் ஒரு அளவு. 5.8-ஐத் தாண்டினால் சதுர மீட்டருக்கு 30 கிராம் கந்தகம். காலியான சுவரோரத்தில், கார மண்ணைப் பொருட்படுத்தாத பாக்ஸ்வுட் நடப்பட்டது; கூரைக் குழாய் இருந்த முனையை மட்டும் இன்னும் எதுவும் நடாமல் விட்டிருக்கிறார்கள்.